குண்டு எறிதலில் வேலரி ஆடம்ஸின் இடம் எது?

கேள்வி: பெண்கள் குண்டு எறிதலில் நியூசிலாந்தின் வேலரி ஆடம்ஸ்தான் மிகச் சிறந்தவர் என்கிறார்கள். ஆனால் எல்லாக் காலத்துக்குமான தூரப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அவருக்கு மேலே ஏகப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. உலக சாதனையும் அவரிடம் இல்லை. பிறகு எதை வைத்து இப்படிச் சொல்கிறார்கள்? அவருடைய போட்டிகளில் எதை முதலில் பார்க்கலாம்?

பதில்:

குழப்பம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெண்கள் குண்டு எறிதலில் உலக சாதனை 22.63 மீட்டர். சோவியத் வீராங்கனை நத்தால்யா லிசோவ்ஸ்கயா 1987 ஜூன் 7 அன்று மாஸ்கோவில் எறிந்தது. ஒலிம்பிக் சாதனை அதைவிடப் பழையது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனியின் இலோனா ஸ்லுபியானெக் 22.41 எறிந்தார். வேலரி ஆடம்ஸ் தன் வாழ்நாளில் எறிந்த அதிகபட்சத் தூரம் 21.24. உலக சாதனைக்கும் அவருக்கும் இடையே 1 மீட்டர் 39 சென்டிமீட்டர் வித்தியாசம். சென்டிமீட்டர் கணக்கில் பதக்கம் கைமாறும் விளையாட்டில் இது பெரிய இடைவெளி. இதை மட்டும் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

ஆனால் அதே பட்டியலில் தூரத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டுகளையும் கொஞ்சம் பாருங்கள். உச்சியில் இருப்பவை பெரும்பாலும் 1970களின் நடுவிலிருந்து 1980களின் இறுதி வரை, சோவியத் யூனியனிலும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலும் எறியப்பட்டவை. அந்தக் காலத்தில் கிழக்கு ஜெர்மனியில் அரசே திட்டம் போட்டு வீராங்கனைகளுக்கு ஆண் ஹார்மோன் மாத்திரைகளைக் கொடுத்தது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு வெளிவந்த அரசு ஆவணங்களில் இது அப்பட்டமாகப் பதிவாகியிருக்கிறது. மேலே சொன்ன ஸ்லுபியானெக் 1977ல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடை பெற்றவர். தடை முடிந்து திரும்பி வந்துதான் அந்த ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார். அந்தச் சாதனை இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. 1986ல் குண்டு எறிதலில் ஐரோப்பியச் சாம்பியனான ஹைடி க்ரீகர், இன்று ஆந்திரியாஸ் க்ரீகர் என்ற பெயரில் ஆணாக வாழ்கிறார். பதின்ம வயதில் என்னவென்று தெரியாமலே விழுங்க வைக்கப்பட்ட மாத்திரைகள் தன் உடலையும் வாழ்க்கையையும் எப்படிப் புரட்டிப் போட்டன என்பதை அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவர் மேலும் பழி போடுவது என் நோக்கமில்லை. ஆனால் போட்டி இல்லாத நாட்களிலும் வீட்டுக் கதவைத் தட்டித் திடீர்ச் சோதனை செய்யும் முறை பரவலான பிறகு 22 மீட்டர் என்பதே காணாமல் போய்விட்டது. இந்த நூற்றாண்டில் ஒரு பெண்கூட அந்தத் தூரத்தைத் தொடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சீனாவின் கோங் லிஜியாவ் பல ஆண்டுகள் உலகின் முன்வரிசையில் இருந்தவர். அவருடைய சிறந்த எறிதல் 20.58. வேலரியின் 21.24 அதைவிட 66 சென்டிமீட்டர் அதிகம். 1980களின் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, சோதனைகள் ஒழுங்காக நடக்கும் காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் எங்கே நிற்கிறார் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

தூரம் ஒரு பக்கம். அவரை நான் முதலிடத்தில் வைப்பதற்கு உண்மையான காரணம், முக்கியமான நாளில், முக்கியமான மைதானத்தில், இருபது ஆண்டுகள் விடாமல் வந்து எறிந்தது. நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம். நான்கு உலகச் சாம்பியன்ஷிப்பில் தொடர்ந்து தங்கம். அதுவும் எதிரே நின்ற சிலர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் நிரூபணமான ஒரு காலகட்டத்தில்.

வேலரி 1984 அக்டோபர் 6 அன்று நியூசிலாந்தின் ரோட்டோருவா நகரில் பிறந்தார். அம்மா லிலிகா டோங்கா தீவைச் சேர்ந்தவர். அப்பா சிட் ஆடம்ஸ் இங்கிலாந்துக்காரர். கடற்படையில் இருந்துவிட்டு நியூசிலாந்தில் குடியேறியவர். அப்பாவுக்குப் பல உறவுகளில் மொத்தம் பதினெட்டுப் பிள்ளைகள். அமெரிக்க என்பிஏ கூடைப்பந்தில் ஆடும் ஸ்டீவன் ஆடம்ஸ் அவர்களில் ஒருவர், அதாவது வேலரிக்குத் தம்பி முறை. வேலரியின் உயரம் 193 சென்டிமீட்டர். அம்மாவோடு தெற்கு ஆக்லாந்தில், வசதி குறைந்த பகுதியில் வளர்ந்தார். வயதுக்கு மீறிய உயரம், பெரிய உடம்பு. பள்ளியில் அப்படிப்பட்ட ஒரு பெண் குழந்தை என்னென்ன கேட்டிருப்பாள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த உடம்பில் ஒரு வரம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் கிர்ஸ்டன் ஹெலியர். முன்னாள் ஈட்டி எறிதல் வீராங்கனை. 1998ல் வேலரிக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார், அப்போது வேலரிக்கு 13 வயது. இரண்டே ஆண்டுகளில் அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதன் பிறகு பயிற்சி மைதானமும் ஹெலியரும்தான் பிடிமானம். அடுத்த ஆண்டே, 2001ல், ஹங்கேரியின் டெப்ரெசன் நகரில் நடந்த உலக இளையோர் போட்டியில் தங்கம். 2002ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த உலக ஜூனியர் போட்டியிலும் தங்கம். (அதே கிங்ஸ்டன் போட்டியில்தான் 15 வயது உசேன் போல்ட் 200 மீட்டரில் வென்றார்.) இளையோர், ஜூனியர், சீனியர் என்ற மூன்று மட்டத்திலும் உலகப் பட்டம் வாங்கியவர்கள் தடகளத்தில் மிகச் சிலர்தான். போல்ட்டும் வேலரியும் அந்தச் சிலரில் இருவர். அதே 2002ல், 17 வயதில், மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் பெரியவர்களோடு மோதி வெள்ளியும் வாங்கினார்.

அவருடைய முதல் ஒலிம்பிக் 2004 ஏதென்ஸ். குண்டு எறிதலை மட்டும் ஏதென்ஸில் வைக்காமல், பழங்கால ஒலிம்பிக் நடந்த ஒலிம்பியாவின் புல்வெளியிலேயே வைத்தார்கள். அந்தப் பழங்கால ஒலிம்பிக்கில் பெண்கள் போட்டியிட முடியாது. அங்கே முதல் தடவையாகப் பெண்கள் ஒலிம்பிக் பதக்கத்துக்காக எறிந்தார்கள். வரலாற்றில் நிற்க வேண்டிய நாள். ரஷ்யாவின் இரினா கோர்ஷானென்கோ 21.06 எறிந்து தங்கம் வாங்கினார். சில நாட்களிலேயே ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டு அவருடைய மாதிரியில் இருப்பது தெரிந்து பதக்கம் பறிபோனது. தங்கம் கியூபாவின் யுமிலெய்டி கும்பாவுக்குப் போனது. அவர் எறிந்தது 19.59. கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் வித்தியாசத்தைக் கவனியுங்கள். குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆன 19 வயது வேலரி அன்று பதக்கம் எதுவும் பெறவில்லை. ஆனால் இனி வரப்போகும் பதினைந்து ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஒரு நாளே சாட்சி.

இங்கே கொஞ்சம் விளையாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் சொல்வது பிடிபடும். பெண்களுக்கான குண்டு 4 கிலோ. எறியும் வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். குண்டைக் கழுத்தோடு ஒட்டிப் பிடித்து, தோளுக்குப் பின்னால் போகவிடாமல், ஒரு கையால் தள்ள வேண்டும். வட்டத்தின் முன்விளிம்பில் ஒரு மரத்தடுப்பு இருக்கும். அதன் உள்பக்கத்தில் கால் மோதலாம், மேல்பக்கத்தில் பட்டால் ஃபவுல். கிரிக்கெட் பிட்ச்சில் இந்த முனை ஸ்டம்பிலிருந்து அந்த முனை ஸ்டம்ப் வரை 20.12 மீட்டர். ஓடிவராமல், அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளிருந்து, 4 கிலோ இரும்பை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும். பள்ளி மைதானத்தில் ஒரு தடவையாவது குண்டைத் தூக்கிப் போட்டுப் பார்த்தவர்களுக்கு 20 மீட்டரின் அருமை தெரியும்.

வேலரி பயன்படுத்தியது பின்னோக்கிச் சறுக்கும் முறை. ஆங்கிலத்தில் கிளைட் என்பார்கள். எறியும் திசைக்கு முதுகைக் காட்டி, வட்டத்தின் பின்விளிம்பில் வலது காலில் குனிந்து நிற்பார். இடது காலை மரத்தடுப்பை நோக்கி உதைப்பார், அதே வேகத்தில் வலது கால் தரையை ஒட்டிச் சறுக்கி வட்டத்தின் நடுவுக்கு வரும். அந்தக் கணத்தில் இடுப்பு முன்னால் திரும்பத் தொடங்கியிருக்கும், தோள் மட்டும் இன்னும் பின்னால் இருக்கும். முறுக்கேறிய அந்த நிலையிலிருந்து வலது கால் நிமிர, இடுப்பு, நெஞ்சு, தோள், கை என்று வரிசையாக அவிழும். இடது கால் தூண் மாதிரி விறைத்து நின்று முன்னால் வரும் வேகத்தை மேலே திருப்பிவிடும். 20 மீட்டருக்குக் குண்டு வினாடிக்கு 13 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கையை விட்டுப் போக வேண்டும். உயரமும் உதவும். குண்டு கையை விடும் இடம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் தூரமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ஆனால் நெடிய கைகால்களை அந்தச் சின்ன வட்டத்துக்குள் மடக்கி, வேகம் குறையாமல் நகர்த்துவது குள்ளமானவர்களைவிட உயரமானவர்களுக்குக் கஷ்டம். வேலரியின் உயரத்தை மட்டும் சொல்லி அவருடைய வெற்றியை விளக்குபவர்கள் இதைச் சொல்வதில்லை.

2006 மெல்போர்ன் காமன்வெல்த்தில் தங்கம் வந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானின் ஒசாகாவில் உலகச் சாம்பியன்ஷிப். இங்கேதான் கதையின் இன்னொரு முக்கிய ஆள் வருகிறார்: பெலாரஸின் நாத்சேயா ஒஸ்தாப்சுக். 2005 ஹெல்சிங்கி உலகச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றவர். ஒசாகா இறுதிப் போட்டியில் 20.48 எறிந்து முன்னிலையில் இருந்தார். வேலரிக்குக் கடைசி ஆறாவது வாய்ப்பு மட்டும் பாக்கி. அதில் 20.54 எறிந்தார். ஆறு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் முதல் உலகப் பட்டம். 22 வயது.

2008 பெய்ஜிங்கில் அவர் யாரையும் காத்திருக்க வைக்கவில்லை. முதல் வாய்ப்பிலேயே 20.56. மற்றவர்கள் ஆறு சுற்று முயன்றும் அதை எட்டவில்லை. 1976 மான்ட்ரியலில் 1500 மீட்டரை ஜான் வாக்கர் வென்ற பிறகு தடகளத்தில் நியூசிலாந்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அன்று அவருக்குப் பக்கத்தில் வெள்ளியோடும் வெண்கலத்தோடும் நின்றவர்கள் பெலாரஸின் நத்தால்யா மிக்னேவிச்சும் ஒஸ்தாப்சுக்கும். சேமித்து வைத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தபோது இரண்டு பேருமே சிக்கினார்கள். இன்று பதிவேட்டைத் திறந்தால் வெள்ளி கியூபாவின் மிஸ்லேய்டிஸ் கொன்சாலெஸுக்கும், வெண்கலம் கோங் லிஜியாவுக்கும். மேடையில் நின்ற மூன்று பேரில் பதக்கம் தங்கியது வேலரியிடம் மட்டும்தான். மருந்து எடுத்த இருவரையும் அவர் அன்றே, களத்திலேயே வென்றிருந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். என் கணக்கில் அவருடைய மிகப் பெரிய வெற்றி இதுதான்.

2009ல் பெர்லினில் இரண்டாவது உலகப் பட்டம். அதன் பிறகு 2010 அவருக்கு மிக மோசமாகத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கூடவே இருந்த ஹெலியரிடமிருந்து பிரிந்தார். நியூ கலிடோனியாவைச் சேர்ந்த வட்டு எறிதல் வீரர் பெர்ட்ரான் விலியுடனான திருமணமும் முறிந்தது. ஒஸ்தாப்சுக்கிடம் பல போட்டிகளில் தோற்றார். இந்த நிலைமையில் அக்டோபரில் டெல்லிக்கு வந்தார். காமன்வெல்த் போட்டியில் 20.47 எறிந்து, இரண்டாம் இடத்தைவிட ஒரு மீட்டருக்கும் மேல் முன்னே போய்த் தங்கம் வாங்கினார். நம் நாட்டு ஊடகங்கள் அப்போது ஊழல் செய்திகளிலும் நம் பதக்கக் கணக்கிலும் மூழ்கியிருந்தன. உலகின் முதல்நிலை வீராங்கனை நேரு மைதானத்தில் எறிந்துவிட்டுப் போனதைப் பெரிதாக யாரும் எழுதவில்லை. எனக்கு இன்றும் அது ஒரு குறைதான்.

அந்த ஆண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஷான்-பியேர் எக்கரிடம் சேர்ந்தார். ஆண்கள் குண்டு எறிதலில் மூன்று முறை உலகச் சாம்பியனான வெர்னர் குந்தோரை உருவாக்கியவர் எக்கர். நியூசிலாந்திலிருந்து உலகின் மறுபக்கம், மொழி தெரியாத ஊர். 26 வயதில் ஒலிம்பிக் தங்கமும் இரண்டு உலகப் பட்டமும் கையில் இருக்கும்போது, நுட்பத்தை அடியிலிருந்து சீர்செய்ய ஒத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை. எக்கர் அவருடைய எடையைக் குறைத்தார், வெறும் பலத்தைவிட வேகத்துக்கு முக்கியத்துவம் கொடுத்தார். பலன் ஒரே ஆண்டில் வந்தது.

2011 ஆகஸ்ட் 29, தென் கொரியாவின் டேகுவில் உலகச் சாம்பியன்ஷிப். தங்கம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. ஒஸ்தாப்சுக் எறிந்தது 20.05தான். இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம். சும்மா வந்து கைதட்டல் வாங்கிவிட்டுப் போயிருக்கலாம். அந்த வாய்ப்பில்தான் 21.24 எறிந்தார். 1987ல் ரோமில் லிசோவ்ஸ்கயா வைத்த உலகச் சாம்பியன்ஷிப் சாதனையும் சரியாக 21.24. சோவியத் காலத்து உச்சத்தை, சோதனைகள் கடுமையான காலத்தில் ஒருவர் சென்டிமீட்டர் பிசகாமல் தொட்டார். உங்கள் பட்டியலுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

லண்டன் 2012ஐ நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். போட்டிக்கு முந்தைய நாள், தொடக்கப் பட்டியலில் தன் பெயரே இல்லை என்று வேலரிக்குத் தெரிய வந்தது. நியூசிலாந்து அணி நிர்வாகம் பதிவு செய்வதில் செய்த பிழை. கடைசி நேரத்தில் பெயரைச் சேர்த்துவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நான்கு ஆண்டுகள் தயாரான ஒருவருக்குப் போட்டிக்கு முந்தைய இரவில் அது எப்படிப்பட்ட அதிர்ச்சியாக இருந்திருக்கும்! ஆகஸ்ட் 6 அன்று ஒஸ்தாப்சுக் 21.36 எறிந்தார். வேலரி 20.70. இரண்டாம் இடத்து மேடையில் நின்று இன்னொருவரின் தேசிய கீதத்தைக் கேட்டார். ஒரு வாரம் கழித்து, நிறைவு விழாவும் முடிந்த மறுநாள், ஒஸ்தாப்சுக்கின் மாதிரியில் மெட்டெனோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது அறிவிக்கப்பட்டது. போட்டிக்கு முந்தைய நாள் எடுத்த மாதிரி, போட்டி நாளில் எடுத்த மாதிரி, இரண்டிலும் இருந்தது. தங்கம் வேலரிக்கு வந்தது.

பதக்கம் வந்தது, ஆனால் எண்பதாயிரம் பேர் நிறைந்த மைதானத்தில் கொடி ஏறும் அந்த நிமிடம் வரவில்லை. அதை யாராலும் திருப்பித் தர முடியாது. செப்டம்பர் 19 அன்று ஆக்லாந்து துறைமுகப் பகுதியில் ஒரு விழா வைத்து, நாட்டின் கவர்னர் ஜெனரல் ஜெர்ரி மாட்டெபாரே கையால் அந்தத் தங்கத்தை அணிவித்தார்கள். சொந்த ஊர் மக்கள் திரண்டு வந்து தேசிய கீதம் பாடினார்கள். அந்த விழாவைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது, அதே சமயம் வயிறு எரிகிறது. இதோடும் முடியவில்லை. 2005 ஹெல்சிங்கி மாதிரிகளை மறுபடி சோதித்ததில் ஒஸ்தாப்சுக் அங்கேயும் சிக்கி, வேலரியின் அன்றைய வெண்கலம் எட்டு ஆண்டுகள் கழித்து வெள்ளியானது. லண்டனில் மூன்றாவதாக வந்து, ஒஸ்தாப்சுக் நீக்கப்பட்டதால் வெள்ளிக்கு உயர்ந்த ரஷ்ய வீராங்கனையும் பின்னால் மறுசோதனையில் சிக்க, அந்த வெள்ளி கோங் லிஜியாவுக்குப் போனது. இவ்வளவு ஆண்டுகளில் வேலரி ஒரு சோதனையிலும் சிக்கியதில்லை.

2013 மாஸ்கோவில் 20.88 எறிந்து நான்காவது உலகப் பட்டம். தனிநபர் போட்டி ஒன்றில் தொடர்ந்து நான்கு உலகத் தங்கம் வென்ற முதல் பெண் அவர்தான். கணுக்காலும் முழங்காலும் படுத்திய நிலையில் எறிந்தது அது, சீசன் முடிந்ததும் நேராக அறுவைச் சிகிச்சைக்குப் போனார். 2014ல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் மூன்றாவது தங்கம். அந்த ஆண்டின் உலகச் சிறந்த தடகள வீராங்கனை விருதும் அவருக்கே. எறிதல் போட்டியாளர் ஒருவர் பெண்கள் பிரிவில் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் முறை. ஓட்டக்காரர்களுக்கும் தாண்டுபவர்களுக்கும் கிடைக்கும் வெளிச்சத்தில் கால்வாசிகூட எறிபவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது தெரிந்தவர்களுக்கு அந்த விருதின் எடை புரியும்.

2010 ஆகஸ்டில் தொடங்கிய தொடர் வெற்றி 56 போட்டிகள் வரை நீண்டது. லண்டனும் இந்தக் கணக்கில் அடக்கம், மேலே சொன்ன காரணத்தால். 2015 ஜூலையில் பாரிஸில் ஜெர்மனியின் கிறிஸ்டினா ஷ்வானிட்ஸ் அதை நிறுத்தினார். அதற்குள் வேலரியின் முழங்கை, தோள், முழங்கால் எல்லாம் கத்தியைப் பார்த்துவிட்டன. அந்த ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப்புக்கே அவர் போகவில்லை.

ரியோ 2016ல் 20.42 எறிந்து கடைசிச் சுற்று வரை முன்னிலை. மூன்றாவது தொடர் தங்கம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். அப்போது அமெரிக்காவின் மிஷெல் கார்ட்டர் தன் ஆறாவது வாய்ப்பில் 20.63 எறிந்தார். ஒசாகாவில் வேலரி செய்ததை ரியோவில் கார்ட்டர் செய்தார். பதிலுக்கு எறிய வேலரிக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, ஆனால் முடியவில்லை. இந்தத் தோல்வியில் எந்தக் கறையும் இல்லை. நல்ல போட்டி, நல்ல எதிராளி. குண்டு எறிதலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் கார்ட்டர். அவருடைய அப்பா மைக்கேல் கார்ட்டரும் 1984ல் இதே விளையாட்டில் ஒலிம்பிக் வெள்ளி வாங்கியவர்.

பலரும் அதோடு அவர் ஓய்வு பெறுவார் என்று நினைத்தார்கள். 2017 தொடக்கத்தில், ஆண்களுக்கான சர் பட்டத்துக்கு இணையான டேம் பட்டம் கிடைத்தது. 2016ல் கேப்ரியல் பிரைஸை மணந்திருந்தார், 2017 அக்டோபரில் மகள் கிமோவானா பிறந்தாள். ஆறு மாதம் கழித்து கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் 18.70 எறிந்து வெள்ளி. 2019 மார்ச்சில் மகன் கெபலெலி. அப்புறம் மறுபடி பயிற்சி. இந்த முறை பயிற்சியாளர் ஆஸ்திரேலியாவின் டேல் ஸ்டீவன்சன், நியூசிலாந்தின் ஆண்கள் உலகச் சாம்பியன் டாம் வால்ஷை உருவாக்கியவர். இரண்டு பிரசவம், அத்தனை அறுவைச் சிகிச்சை, நடுவில் கொரோனா. 36 வயதில் ஐந்தாவது ஒலிம்பிக்காக டோக்கியோ போய் 19.62 எறிந்து வெண்கலம் வாங்கினார். கோங் லிஜியாவுக்குத் தங்கம், அமெரிக்காவின் ரேவன் சாண்டர்ஸுக்கு வெள்ளி. ஒரே எறிதல் போட்டியில் நான்கு ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் பெண் என்ற இடம் அன்று அவருக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் அதே மைதானத்தில், அவருடைய தங்கை லிசா ஆடம்ஸ் பாராலிம்பிக் குண்டு எறிதலில் தங்கம் வென்றார். லிசாவுக்குப் பிறவியிலிருந்தே பெருமூளை வாதம் உண்டு. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் வேலரி. 2022 மார்ச் 1 அன்று வேலரி ஓய்வை அறிவித்தார். 2024 பாரிஸில் மேடி வெஷே 19.86 எறிந்து வெள்ளி வாங்கியபோது, ஐந்தாவது ஒலிம்பிக்காகத் தொடர்ந்து நியூசிலாந்துப் பெண் ஒருவர் குண்டு எறிதல் மேடையில் நின்றார்.

இனி, எதை முதலில் பார்ப்பது என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. டேகு 2011ன் கடைசி எறிதலைப் பாருங்கள், முடிந்தால் வேகத்தைக் குறைத்து. குண்டு போகும் பாதையை விட்டுவிட்டு இடது காலைக் கவனியுங்கள். வலது கால் நடுவில் ஊன்றிய மறுகணமே அது மரத்தடுப்பை ஒட்டி இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு குறைந்த நேரம் ஆகிறதோ அவ்வளவு வேகம் வீணாகாமல் குண்டுக்குப் போகும். எக்கர் கொண்டுவந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முன் ஒசாகா 2007ஐயும், பின் டேகுவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒசாகாவில் உடம்பின் பலம் முன்னால் தெரியும், டேகுவில் தாளம் தெரியும். இப்போது சுழன்று எறியும் முறை பெண்களிடமும் பரவிவிட்டது. சறுக்கும் முறையைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை. ஒரு சின்னக் குறிப்பு: 2004லிருந்து 2010 வரை அவர் கணவர் பெயரோடு போட்டியிட்டார். அதனால் ஒசாகா, பெய்ஜிங், பெர்லின் காணொளிகளையும் முடிவுப் பட்டியல்களையும் வேலரி விலி என்ற பெயரில் தேடினால்தான் கிடைக்கும்.